மடைக்கு இறங்கியவள்

“நர்சம்மாவக் கேட்டுட்டு வந்துட்டேன்க்கா. மெழுகுத் துணி இறுக்கிச் சுத்திக்கினா தண்ணி உள்ள போவாதாம். ஒரு முழுக்குதானே, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சி.”

தம்பி வீரபத்திரன் இதைச் சொன்னபோது செல்லியம்மாள் வலது காலை நீட்டிப் போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு வயசு முகம். அம்மா செத்தபோது அது நாலு வயசு முகம். இடுப்பில் வைத்துக் கஞ்சி ஊட்டிய முகத்தில் பொய் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

“எந்த நர்சம்மா? தண்ணிப் பக்கம் தலவெச்சிப் படுக்காதேன்னு எங்கிட்ட சொன்ன நர்சம்மாவா?”

“அது அப்ப சொன்னது. இப்பத்தான் தோல் கட்டிக்கிச்சே.”

தோல் கட்டிக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலை வேகவைக்கும் சாயக்காரர் கொல்லையில் செல்லி விறகு தள்ளும் வேலை பார்த்தாள். இருபத்தாறு நாளுக்கு முன்னால் அடுப்புக் கல் நகர்ந்து, கொதிக்கிற சவுக்காரத் தண்ணீர் அண்டாவோடு சரிந்தது. முழங்காலின் பின்புறத்திலிருந்து கணுக்கால்வரை தோல் கழன்று வந்துவிட்டது. சாயக்காரர் ஒரு மாட்டு வண்டி பிடித்து அவளை ஏற்றிவிட்டார். அவர் தர்மம் அதோடு தீர்ந்தது. அன்று முதல் ஒன்றுவிட்டு ஒரு நாள் டவுனில் இருந்த மிஷன் டிஸ்பென்சரிக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். முதல் பத்து நாள் மூன்று மைலும் அவளை முதுகில் சுமந்து போனவன் வீரபத்திரன்தான். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இப்போது புண் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. புதுத் தோல் வாழைப்பூவின் உள்மடல் மாதிரி வெளிறி, மெல்லிசாக, தொட்டால் நழுவும்போல இருந்தது. முழங்கால் மடிப்பில் மட்டும் இன்னும் ஈரம் காயவில்லை.

ஆனால் ஏரிக்கு இதெல்லாம் தெரியுமா? ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் பெய்து, மதகுத் தூணில் வெட்டியிருந்த முதல் குறியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. முதல் குறி தொட்டால் மூன்று நாளுக்குள் மடை திறந்து ஊர் வயலுக்கு முதல் தண்ணீர் விட வேண்டும். அந்த ஏரியின் மதகு பழைய காலத்துக் கல்மதகு. மேலே நின்று கம்பால் தூக்குகிற வசதி அதில் கிடையாது. இறங்குகிறவன் இரண்டு ஆள் ஆழம் முழுகி, தரையில் உள்ள கல் கண்ணில், அதாவது தண்ணீர் பாயும் துவாரத்தில், அடித்திருக்கும் கட்டையைப் பிடுங்க வேண்டும். கட்டை கழன்ற அந்த நொடியே இரண்டு காலையும் மடக்கிக் கல்லை உதைத்து விலகிவிட வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் கண் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மடைக்கு இறங்குகிற குடும்பத்துக்கு ஊர் அரைக்காணி நிலத்தை மானியமாக விட்டிருந்தது. அதற்குப் பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்ததும் கிராம முன்சீப் யாருக்கு வெற்றிலை கொடுக்கிறாரோ, அவருக்கு அடுத்த ஐப்பசி வரைக்கும் அந்த நிலம்.

செல்லியின் நைனாதான் இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் பேதியில் போய்விட்டார். மகனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். மார்பளவுக்கு மேல் போகமாட்டான். மகளுக்கு அப்படி இல்லை. நைனா உயிரோடு இருந்தபோதே கூட முழுகி, கட்டையைத் தடவிப் பார்த்து வந்தவள். புருஷன் ரங்கூனுக்குப் போய் ஏழு வருஷம், ஒரு கடுதாசி இல்லை. அந்த அரைக்காணியும் போனால் அக்காவும் தம்பியும் வாயில் மண்ணைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் செல்லி ஒரு காரியம் செய்தாள்.

அவள் செய்த தப்பும் அதுதான்.

மடைக்கு இறங்குகிறவன் பிறந்த மேனியாகத்தான் இறங்க வேண்டும் என்று வழக்கம். துணி கட்டையில் சிக்கினால் ஆள் கதை முடிந்தது என்பது காரணம். கங்கையம்மனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்பது ஊர் சொன்ன காரணம். அதனால் ஊர்க்காரர்கள் யாரும் பார்க்கக் கூடாது. கரைக்குக் கீழே இருக்கும் கங்கையம்மன் கல்லைப் பார்த்து, ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இறங்குகிறவனோடு கூடப்பிறந்தவர் ஒருவர் மட்டும் கரைமேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தண்ணீர் பாய்ந்ததும் இருவரில் ஒருவர் பறையைத் தட்டுவார். அப்புறம்தான் ஊர் திரும்பும்.

மூன்று வருஷமாக செல்லி இறங்கினாள். தம்பி கயிறு பிடித்தான். கரையேறியதும் அவள் கோரைக்குள் போய்ப் புடவை சுற்றிக்கொள்வாள். தம்பியை ஓரத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தலையில் நீர் சொட்டச் சொட்ட நிறுத்தி, பறையைத் தட்டச் சொல்வாள். ஊர் திரும்பிப் பார்த்து, “பலே, அப்பனுக்குத் தப்பாத புள்ள” என்று சொல்லும். வெற்றிலை அவன் துண்டில் விழும். நம் தம்பிதானே, நம் வெற்றிலைதானே என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

இந்த வருஷம் அது உறுத்தியது. வருகிற தையில் அவனுக்குக் கல்யாணம். செவிலிமேட்டுப் பக்கத்துப் பெண். பெண்ணின் அப்பன் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அக்காக்காரி உங்க கூடத்தான் இருக்குமா?” என்பது. வெந்த காலோடு படுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கீரையை முறத்தில் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: “எறங்கறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தரம் வெத்தல என் மடியில வுழணும். செல்லிதான் எறங்கிச்சின்னு நீயே உன் வாயால சொல்லணும்.”

“ஊரு ஒத்துக்குமாக்கா?”

“ஒத்துக்காங்காட்டி நீ எறங்கு.”

அவன் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். “சரிக்கா. நைனா மேல ஆண. உன் மடியிலதான் வெத்தல.”

அடுத்த நாள் விடியற்காலை அவனே கட்டினான். வேப்பெண்ணெயில் குழைத்த தேன்மெழுகை ஒரு கோடித்துணியில் தடவிக்கொண்டு வந்திருந்தான். இவ்வளவு மெழுகு எங்கே கிடைத்தது என்று அவள் கேட்டாள். “கெடச்சிது” என்றான். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் மேலே கேட்கவில்லை. தொடையிலிருந்து கணுக்கால் வரை சுற்றி, மேலே வாழைநார் வைத்து இறுக்கினான். கை நடுங்கியது. பாசத்தில் நடுங்குகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஊர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறந்த மேனி வழக்கத்தை அவள் மட்டும் மீறி, நைனாவின் துண்டை மார்போடு இறுக்கி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மதகுத் தூணைப் பிடித்தபடி இறங்கினாள். தண்ணீர் சில்லென்று ஏறியது. மெழுகு தாங்குகிறது என்றே முதலில் தோன்றியது. மூச்சை இழுத்துப் பிடித்து முழுகினாள். காதுக்குள் கிண்ணென்று அடைத்தது. கலங்கலில் கண் தெரியாது, கைதான் கண். கல்லைத் தடவி, பாசியைத் தடவி, கட்டையின் தலையைப் பிடித்தாள். ஒரு வருஷ வண்டல் அதை இறுக்கி வைத்திருந்தது. ஒரு தரம் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். இடது காலைக் கல்லில் ஊன்றி ஆட்டினாள், ஆட்டினாள், கட்டை அசைந்தது. அசைந்ததும் தண்ணீர் இடுப்பைப் பிடித்து இழுத்தது. இரண்டு காலையும் மடக்கினாள். வலது முழங்கால் மடிப்பில் ஏதோ டர்ரென்று கிழிந்தது. துணி கிழிந்தால் காதுக்குக் கேட்கும். இது உடம்புக்குள் கேட்டது. அந்தக் காலோடு கல்லை உதைத்தாள்.

கரையைப் பிடித்தபோது வாழைநார் எங்கேயோ போயிருந்தது. மெழுகுத் துணி கணுக்காலில் வளையம் மாதிரி தொங்கியது. புதுத்தோல் ஒரு பக்கம் சுருண்டு வந்து, ரத்தமும் சேறும் ஒன்றாக வழிந்தன.

“ஐயோக்கா” என்றான் வீரபத்திரன். நிஜமாகவே பதறினான். “கோரையில போய் குந்துக்கா. ரத்தத்தோட ஊரு பாத்தா எகுறும். மொதல்ல நான் சொல்லிட்டு உன்னக் கூப்புடறேன். கூப்ட்டதும் வா.”

அவள் கோரைக்குள் போய்ப் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பல் கிடுகிடுத்தது. பறை தட்டும் சத்தம் கேட்டது. மதகுக்கு அந்தப் பக்கம் கால்வாயில் தண்ணீர் புரண்டு விழும் சத்தத்தோடு ஊர் ஹோவென்று கத்தியது. முன்சீப் மாணிக்கவாசக முதலியாரின் கணீர்க் குரல் கரைமேல் ஏறி வந்தது.

“யார்றா வெத்தல வாங்கறது?”

செல்லி எழுந்து நின்றாள். கூப்பிடப் போகிறான் என்று முந்தானையை இழுத்து மடியை ஒழுங்கு பண்ணிக்கொண்டாள்.

“நான்தாங்க ஆண்டே” என்றது தம்பியின் குரல்.

அவளுக்குக் காதில் இன்னும் தண்ணீர் நிற்கிறதோ என்று சந்தேகம் வந்தது. தலையைச் சாய்த்து ஒரு தட்டு தட்டினாள். கோரையை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். தலையில் நீர் சொட்ட, விரித்த துண்டில் வெற்றிலை பாக்கோடு அவன் நின்றுகொண்டிருந்தான். தானாகவே போய்த் தலையை முக்கிக்கொண்டு வந்திருக்கிறான். இந்த வருஷம் அவள் முக்கவில்லை.

யாரோ கேட்டார்கள்: “செல்லிக்கு இன்னாடா காலு?”

“அடுப்பு வேலையில வெந்துபோச்சுங்க. புண்ணுன்னுதான் கயித்த மட்டும் புடிச்சிட்டு, தண்ணிப் பக்கம் வராம ஒதுங்கிக் கெடக்குது” என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

அவள் வாயைத் திறந்தாள். கிட்டே வந்து அவன் காதோரம் சொன்னான்: “கம்னு இருக்கா. சீழ்ப்புண்ணோட ஊர் குடிக்கிற தண்ணியில எறங்கினேன்னு சொல்லப் போறியா? கட்டி வெச்சி அடிப்பானுங்க.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காலை ஊன்ற முடியாமல் அவள் கட்டு மாற்றப் போகவில்லை; நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. கால் புடைத்து, தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. எட்டாம் நாள் பக்கத்துக் குடிசைக்காரர்கள் வண்டியில் போட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். வீரபத்திரன் கல்யாணத்துக்கு ஆள் அழைக்கப் போயிருந்தான்.

நர்ஸ் மரியம்மாளும் ஒரு சேரியில் பிறந்தவள்தான். எட்டாவது படித்து, வெள்ளைப் புடவை கட்டி, மேஜையில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறாள். பேச்சு மட்டும் மாறவில்லை. கட்டைப் பிரித்தாள். பஞ்சால் துடைத்தாள். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது இன்னாடி? மணலு. இது பாசி. எந்த ஏரியில முழுகின?”

செல்லி சுவரைப் பார்த்தாள்.

“கேக்கறேன் இல்ல? உன் கால மூட ஒரு மாசமா நான் இங்க பாடுபட்டுக்கினு கெடக்கறேன், நீ எருமையாட்டம் போய் குட்டையில வுழுந்து பொரண்டுட்டு வர்றியா?”

“நீதானே நர்சம்மா சொன்ன. மெழுகுத்துணி சுத்திக்கினா ஒண்ணும் ஆவாதுன்னு.”

“யாரு? நானா?”

“தம்பிகிட்ட சொன்னியாமே.”

மரியம்மாள் கையில் இருந்த பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். குரல் இறங்கிவிட்டது. “செல்லி, உன் தம்பி வந்தான். நெசம். ஏரியில ஒரு முழுக்கு முழுகினா இன்னா ஆவும்னு கேட்டான். இந்த நாற்காலியில குந்த வெச்சி ஒண்ணொண்ணாச் சொன்னேன். புதுத்தோல் பிஞ்சிக்கும். சேத்துத் தண்ணி உள்ள போனா சீழ் வெக்கும், காய்ச்சல் வரும், ரத்தத்துல கலந்துட்டா ஆளே போயிடும். போவலன்னாலும் முழங்கால் மடிப்புல தோல் இழுத்துக்கினு கால் நீட்ட வராமப் பூடும்னேன். மெழுகுத்துணி சுத்தினா தண்ணி போவுமான்னு அவன்தான் கேட்டான். எறும்பு போவாது, தண்ணி போவும்டான்னு சொன்னேன். சரிங்கம்மான்னுட்டுப் போனான்.”

செல்லி கிண்ணத்தில் கிடந்த பஞ்சைப் பார்த்தபடி, “கேட்டானா?” என்றாள்.

“கேட்டான்.”

“எல்லாத்தயும் கேட்டுக்கினானா?”

“ரெண்டு தரம் சொன்னேன்.”

அன்று மரியம்மாள் கிழிந்த தோலை வெட்டி எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். செல்லி கத்தவில்லை. அதைப் பார்த்து மரியம்மாளுக்குத்தான் பயம் வந்தது. ஆறு நாள் அங்கேயே வராந்தாவில் படுக்க வைத்தாள். முழங்காலுக்குப் பின்னால் மரப்பட்டை வைத்துக் காலை நேராகக் கட்டினாள். “நல்லாக் கேட்டுக்க. இன்னும் ரெண்டு மாசம். தண்ணியில கால் வெச்சியோ, இந்தக் கால் உனக்கு இல்ல. இன்னொரு தரம் ஒட்டவெக்க என்னால ஆவாது” என்றாள்.

காய்ச்சல் விட்டதும் செல்லி ஊருக்கு வந்தாள். வீரபத்திரன் குடிசைக்குப் புது ஓலை வேய்ந்துகொண்டிருந்தான்.

“எறங்கி வாடா.”

வந்தான்.

“நர்சம்மா இன்னா சொல்லிச்சின்னு இன்னொரு தரம் சொல்லு.”

அவன் முகம் நாலு வயசு முகம் ஆயிற்று. அது அவளை இன்னும் எரித்தது.

“பொண்ணு வூட்ல கேட்டாங்கக்கா. அக்கா பேர்ல வெத்தல வந்தா நீ இன்னாத்துக்கு மாப்ளன்னு கேட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வெத்தலய நீயே வெச்சிக்கடான்னு குடுத்திருப்பேனே. கால் போவும்னு தெரிஞ்சி எதுக்குடா எறக்கின?”

“போவாதுன்னு நெனச்சேன்.”

“நர்சம்மா ரெண்டு தரம் சொல்லிச்சி. நீ நெனச்சியா?”

அவன் அழுதான். அழுகிறவனை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினாலு வருஷமாக அவன் அழுதால் அவள் கை தானாக அவன் தலைக்குப் போகும். அன்றைக்குப் போகவில்லை.

நேரே முன்சீப் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், நிற்க வேண்டிய தூரத்தில் நின்று குரல் கொடுத்தாள். மாணிக்கவாசக முதலியார் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார்.

“மடைக்கு எறங்கினது நான்தாங்க ஆண்டே. மூணு வருசமும் நான்தான். இந்த வருசமும் நான்தான்.”

முதலியார் திடுக்கிடவில்லை. துப்பிவிட்டு, “தெரியும்டி” என்றார்.

“தெரியுமா?”

“உங்கப்பன் செத்த வருஷமே தெரியும். அந்தப் பய பானைத் தண்ணியப் பாத்தாலே நடுங்குவான். ஊர்ல இருக்கறவன் எல்லாம் கண்ணு அவிஞ்சவனா?”

“அப்ப ஏன் ஆண்டே…”

“பொம்பளைக்கு வெத்தல குடுத்தா அடுத்த ஊர்க்காரன் சிரிக்கமாட்டான்? வயலுக்குத் தண்ணி வந்துது. யார் எடுத்து விட்டா என்ன?”

“என் காலு புண்ணுன்னு?”

“உன் தம்பி வந்து சொன்னான். மெழுகு குடுத்ததே நான்தான். பாவம், புண்ணாச்சேன்னுதான் குடுத்தேன்.” அவர் குரலில் நிஜமாகவே ஒரு தயவு இருந்தது. “இதோ பாரு, அவன் கல்யாணச் செலவுக்கு ஈடா, வர்ற தையோட அந்த அரைக்காணிய நான் சேத்து உழுதுக்கறதா அவனோட பேச்சு. உனக்கு ஒரு மூலையில கஞ்சி ஊத்துவான். வாயத் தொறந்தாத்தான் அது தீட்டு. மூடிக்கினு இருந்தா தண்ணி வெறும் தண்ணிதான். போ.”

ஆக, மூன்று வருஷமாக ஊர் முதுகைக் காட்டி உட்கார்ந்தது கங்கையம்மனுக்காக இல்லை. அவளைத் தெரிந்துகொண்டே பார்க்காமல் இருப்பதற்காக. தம்பி ஒருத்தன் ஏமாற்றினான் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் போகும்போது ஏமாற்றியவர்களை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் துறைக்கு மேலே, கரைமேட்டில் போய் நின்றாள். சேரிக்காரி அந்த வேளையில் அங்கே நிற்கக் கூடாது. கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“எம்மா, எல்லாரும் கேட்டுக்கோங்க. மடை தெறந்தது நான்தான். இந்தப் புண்ணுக் காலோடதான் எறங்கினேன். ரத்தம் ஊத்த ஊத்த இந்தத் தண்ணியிலதான் முழுகினேன். முன்சீப்பு ஆண்டைக்குத் தெரியும். மெழுகுத் துணிக்கு மெழுகு குடுத்ததே அவருதான்.”

ஒரு குடம் டமாரென்று கவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. “அடிப்பாவி, இத்தினி நாளா இதத்தான் குடிச்சோமா!” என்று ஒருத்தி வயிற்றில் அடித்துக்கொண்டாள். துறை முழுக்கக் கூச்சல். நடவுக்குப் போன ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ போய்ச் சொல்லி முன்சீப்பும் வந்துவிட்டார். பின்னாலேயே வீரபத்திரன்.

“என்ன உளர்றா இவ?” என்றார் முதலியார். “மெழுகாம், புண்ணாம். பொம்பள மடைக்கு எறங்கினாளாம், எவனாவது கேட்டதுண்டா? ஏண்டா வீரபத்திரா, எறங்கினது யாரு?”

செல்லி தம்பியைப் பார்த்தாள். இன்னும் ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுக்கும் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று அவன் வாயை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“நான்தாங்க” என்றான் அவன். “அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிக்கிச்சிங்க. புத்தி பெசகிப் போச்சி.”

“கேட்டீங்களா?” என்று முதலியார் பெண்கள் பக்கம் திரும்பினார். “சரி, இவ்வளவு பேசறாளே. ஏய் செல்லி, நீதான் முழுகறவளா? இதோ ஏரி. எல்லாரும் பாக்கறோம். ஒருத்தரும் முதுக காட்டல. எறங்கு. அடியில போய் ஒரு பிடி சேறு எடுத்துக்கினு வா. ஒத்துக்கறோம். வெத்தலயும் உனக்கே.”

எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அது ஒரு பெரிய காரியமே இல்லை. பத்து முழம் நீந்தி, ஒரு மூச்சுப் பிடித்தால் போதும். அரைக்காணி திரும்ப வரும்; தம்பி முகத்தில் கரி விழும்; இவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். தண்ணீர் வெயிலில் தகதகத்தது. அந்தத் தண்ணீர்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. பொய் என்ன, தண்ணீர்தான் அவளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம். ஒரு அடி கீழே வைத்தாள்.

இவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை இவர்களுக்கே நிரூபிக்க இந்தக் காலைக் கொடுக்க வேண்டுமா?

வைத்த அடியை எடுத்துவிட்டாள்.

“எறங்கமாட்டேன்” என்றாள். “தண்ணியில கால் வெக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்குது.”

முதலியார் ஹாஹா என்று சிரித்தார். “பாத்தியா! சொன்னேனே!” ஆட்களும் சிரித்தார்கள். ஒருத்தி, “அப்பாடா” என்று சொல்லிக் கவிழ்த்த குடத்தை நிமிர்த்தினாள். இன்னொருத்தியும் நிமிர்த்தினாள். அவள் சொன்னது பொய் என்று அவர்கள் நம்பவில்லை. அது அவர்கள் கண்ணில் தெரிந்தது. ஆனால் உலை வைக்க வேண்டும், மாட்டுக்குக் காட்ட வேண்டும், வேறு ஏரிக்கு எங்கே போவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே தண்ணீரில் அதே குடங்களை முக்கினார்கள்.

தென்கிழக்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் குறியைத் தொட இன்னும் ஒரு சாண்தான். அதைத் தொட்டால், அடுத்த வாரம் மதகின் இரண்டாவது துவாரமான மேல் கண்ணையும் திறக்க ஆள் முழுகியாக வேண்டும். வீரபத்திரன் தூணையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

“அக்கா” என்றான்.

“வெத்தல வாங்கினவன் எறங்குவான்” என்றாள் செல்லி.

“அக்கா, சத்தியமா எனக்கு…”

“சத்தியம் பண்ணாதடா. நைனா ஒருத்தர்தான் இருந்தாரு, அவரு மேலயும் பண்ணிட்ட.”

அவள் கரைமேல் ஏறி டவுன் சாலையைப் பிடித்தாள். மூன்று மைல். அன்றைக்குக் கட்டு மாற்றும் நாள் இல்லை, ஆனாலும் போனாள். குடிசையில் கிடந்த ஒரு புடவையை எடுத்துக்கொள்ளக்கூடத் திரும்பவில்லை. வழியில் ஒரு ஜட்கா வண்டிக்காரன் ஏறிக்கொள்ளச் சொன்னான், வேண்டாம் என்றாள். மழை பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியில் ஒதுங்கி, முந்தானையை நாலாக மடித்துக் காலைச் சுற்றிக்கொண்டு, மழை விடும்வரை ஒற்றைக்காலில் நின்றாள். அப்புறம் குட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு மணி வழிக்கு மூன்று மணி ஆயிற்று.

டிஸ்பென்சரி வராந்தாவில் மரியம்மாள் யாரோ ஒரு பிள்ளைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். தலை நனைந்து, தோள் நனைந்து, கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை காலில் போய் நின்றது.

“மறுபடியும் போய் எறங்கினியா?”

“எறங்கல.”

“கட்டு நனைஞ்சுதா?”

“நனையல” என்றாள் செல்லி. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.